மூடிய மண்ணிலும் முளைக்கும் களை

உழவின் சிறப்பைக் கூறவந்த திருவள்ளுவர், களை நீக்கியபின் நீர் பாய்ச்சுவதினும் பயிரைக் காத்தலே நன்று என்று ஓரிடத்தில் சொல்லிவைத்தார். களையைப் பறித்தவுடன் கைகழுவிவிட்டு வீட்டினுள் செல்வோருக்கு அவர் விடுத்த எச்சரிக்கை அது என்றே நாம் கொள்கிறோம். வயலுக்குரிய அவ்விதி, வீட்டு வளவில் நாலு கத்தரியும் இரண்டு பாத்தி கீரையும் வைத்திருக்கும் எம்போன்றோருக்கும் உரியதே.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரை மணற்பூமியாகும். ஒரு வாளி நீரை ஊற்றினால் அது கண்ணெதிரே மறைந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ பாத்தியின் மேல்மண் சுடுமணலாகிவிடும். ஆதலால் தென்னோலை, சருகு, வைக்கோல் முதலியவற்றால் மண்ணை மூடிவைத்தல் இங்கு நெடுநாளைய வழக்கம். எங்கள் பிள்ளைகளின் பாடநூல் இதனைப் ‘பத்திரக்கலவை’ என்கிறது. தமிழகத்தார் ‘மூடாக்கு’ என்பர். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் அவர்கள் 2013ஆம் ஆண்டு மறையும்வரை வலியுறுத்திவந்த முறைகளுள் இதுவும் ஒன்று. மூடாக்கு ஈரத்தைக் காக்கும், மக்கி உரமாகும், வெயில் படாமற் செய்து களைவிதைகளை முளையாமல் தடுக்கும்.

மூன்றாவதாகச் சொன்ன நன்மையிலேதான் பலர் ஏமாந்துபோகின்றனர். மூடிவிட்டால் களை ஒழிந்தது என்று நம்புகின்றனர். மாரி மழை பெய்து இரண்டு வாரம் கழிந்ததும், மூடாக்கின் மேலேயே பச்சைப் படலம் விரிவதைக் கண்டு மலைக்கின்றனர். இவை எங்கிருந்து வந்தன? மூன்று வழிகளில் வருகின்றன என்பது எமது அனுபவம். மூடாக்கோடு சேர்ந்து வருவன சில. மண்ணுக்குள்ளிருந்து துளைத்து வருவன சில. மேலிருந்து வந்து விழுவன சில. வந்த வழியை அறியாமல் களையோடு போரிடுதல் வீண் வேலை.

முதலாவது வழியைப் பார்ப்போம். வாவியின் மேற்கே படுவான்கரை நெல்வயல்களின் நாடு. அங்கு அறுவடை முடிந்ததும் வைக்கோல் எழுவான்கரைக்கு வருகிறது. முன்னர் மண்முனைத் துறையிற் படகுப் பாதைக்குக் காத்திருந்து கடந்தார்கள். 2014இல் பாலம் திறக்கப்பட்டபின் உழவு இயந்திரப் பெட்டிகள் நேராகவே வந்து சேர்கின்றன. வைக்கோலோடு நெற்சப்பியின் விதையும் உதிர்ந்த நெல்லும் சேர்ந்தே வருகின்றன. ‘ஒற்றை வைக்கோற் புரட்சி’ எழுதிய ஜப்பானிய உழவர் மசனோபு புகுவோகா, வயலில் விளைந்த வைக்கோலை அவ்வயலிலேயே பரப்பினார். அங்கு புதிய களைக்கு இடமில்லை. நாமோ அயலூர் வைக்கோலை விலைகொடுத்து வாங்குகிறோம். ஆகவே அதனைப் பாத்திக்கு அப்பால் நன்கு உதறி, நனைத்துக் குவித்து, இரண்டு மூன்று வாரம் விட்டுவைத்தல் வேண்டும். முளைக்கவேண்டியவை குவியலிலேயே முளைத்துவிடும். அவற்றைக் கிளறிப் புரட்டி அழித்தபின் பரப்பினால் பாதித் தொல்லை தீரும். எருவை நன்றாக மக்கவிட்டு இடவேண்டும் என்பதும் இதே காரணத்தினால்தான்.

இரண்டாவது வழியில் வருவது கோரை. விதையிலிருந்து எழும் இளமுளைக்கு மூன்று நான்கு அங்குல மூடாக்கைக் கடக்கும் வலிமை இராது. கோரையோ மண்ணுக்குள் கிழங்கிலே உணவைச் சேர்த்து வைத்திருப்பது. அதன் ஊசிமுனை வைக்கோலை மட்டுமன்றிக் கறுப்புப் பொலித்தீனையும் துளைத்து வெளிவரும். அயல் வளவுப் பெத்தா ஒருவர், மண்வெட்டியும் கையுமாக நின்ற எம் வீட்டு மருமகளிடம், “புள்ள, கோரையக் கொத்தினா ஒண்டு பத்தாகும், கிழங்கோட தோண்டித்தான் எடுக்க வேணும்” என்றார். ஏட்டறிவு இல்லாத அவர் சொன்னதைத் தாவரவியலும் ஒப்புகிறது. கோரைக்கிழங்குகள் நூலிற் கோத்த மணிபோல் ஒன்றோடொன்று தொடர்ந்திருப்பன. தொடர் அறுந்தால் உறங்கிக்கிடந்த கிழங்குகளும் விழித்து முளைவிடும். புதிதாகத் தோன்றிய தளிர் ஏறக்குறைய மூன்று வாரத்தில் புதுக்கிழங்கு வைக்கத் தொடங்கும். அதற்கு முன்பே மீண்டும் மீண்டும் பிடுங்கி வந்தால் கிழங்கின் சேமிப்புக் கரையும். வெயிற்காலத்தில் மூடாக்கை ஒதுக்கி மண்ணைக் கிளறி, கிழங்குகளை வெளியே எடுத்துக் காயவிடுதல் இன்னும் நன்று. கோரை நிழலைப் பொறாதது. வத்தாளைக் கொடியை அடர்த்தியாகப் படரவிட்டால் அதன் வீறு தணியும்.

அறுகும் அத்தகையதே. அது வேலியோரத்திலிருந்து கணுவுக்குக் கணு வேர்விட்டு, வைக்கோலின் அடியில் மறைந்து வரும். பிள்ளையாருக்கு உரியதாயினும் பாத்திக்கு உரியதன்று. பாத்தியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மணலாக விட்டுவைத்தால், எல்லை கடக்கும்போதே அது கண்ணிற் படும்.

மூன்றாவதாக, காற்றும் பறவையும் கொண்டுவரும் விதைகள். மூடாக்கு மக்கிக் கறுத்தவுடன் அதுவே நல்ல நாற்றுமேடையாகிவிடுகிறது. பழையதன்மேல் புதிய ஓலையைச் சேர்த்துக்கொண்டே வருதல் இதற்கு மருந்து. அடியில் பழைய பத்திரிகைத் தாள்களை ஆறேழு மடிப்பாக நனைத்து விரித்தால் காவல் இன்னும் உறுதிப்படும். செடியின் தண்டை மட்டும் மூடாக்குத் தொடலாகாது. தொட்டால் அழுகலும் கறையானும் வந்து சேரும். மழைநீரோடு வாவிக்கு வந்து சேரும் ஆற்றுவாழையும் நல்ல மூடாக்கே. 1905ஆம் ஆண்டளவில் அழகுச்செடியாக இலங்கைக்குள் நுழைந்து, 1909இல் தனிச் சட்டம் இயற்றவேண்டிய அளவுக்குத் தொல்லையாகிய செடி அது. உவர்நீர் போக நல்ல நீரில் அலசி, முற்றாகக் காயவைத்துப் பரப்பினால் பகைவனும் பணியாளனாவான்.

இவ்வளவு பாடு எதற்கு, களைகொல்லியைத் தெளித்தால் ஒரு நாளில் முடியுமே என்று கேட்போர் உண்டு. கிளைபோசேற்று என்னும் களைகொல்லி இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. 2022இல் தடை நீங்கியது. சட்டம் இவ்வாறு மாறலாம். எங்கள் மணல் மாறாது. எமது கிணறு ஆழமற்றது. பாத்தியிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருப்பது. ஊற்றிய நீர் கண்ணெதிரே மறையும் நிலத்தில், ஊற்றிய மருந்து மட்டும் மேலே தங்கிவிடுமா? மாரியில் கிணற்றுநீர் தரைமட்டம்வரை ஏறிவருவதைக் கண்டவர்கள் இதனைச் சிந்திக்கவேண்டும். பாத்தியிலே போடுவது எதுவோ, அதனைப் பின்னொரு நாள் குடத்திலே மொண்டு குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம். இதனாலேயே எம் வீட்டில் களை பறிப்பது கைவேலையாகவே இருக்கிறது.

கைவேலை என்றதும் அஞ்சவேண்டியதில்லை. மூடாக்குள்ள தோட்டத்தில் வேர்கள் ஈரமண்ணில் தளர்ந்து நிற்கும். இரண்டு விரலாற் பிடித்து இழுத்தாற் போதும். வாரத்துக்கு ஒருமுறை, மழை விட்ட மறுநாட் காலையில், வீட்டார் எல்லோரும் கால்மணி நேரம் குனிந்தெழுந்தால் வேலை தீர்ந்துவிடும். பூக்குமுன் பறித்ததை அங்கேயே மூடாக்கின்மேற் போடலாம். விதை கண்டதையும் கோரைக்கிழங்கையும் தோட்டத்துக்கு வெளியே கொண்டுசெல்லல் வேண்டும். குப்பைக்கீரை கிடைத்தால் அன்றைய கறிக்கு ஆயிற்று.

மாணவர்களுக்கு ஒரு சொல். பாடநூலிற் படித்த கிழங்கையும் ஓடியையும் விதையையும் உங்கள் வளவிலேயே தோண்டிப் பாருங்கள்; ஒவ்வொரு களைக்கும் ஊரார் வழங்கும் பெயரைப் பெரியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். மூடாக்கு மண்ணுக்குக் காவல். அந்தக் காவலையும் வாரத்துக்கு ஒருமுறை சென்று பார்த்துவர வீட்டில் ஒருவர் வேண்டும். அவர் நீங்களாக இருக்கலாம்.