கரவன் வண்டியும் கழிவுநீரும்: மாலம் கிராமத்தில் நான்கு நாட்கள்

இங்கிலாந்தில் கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் பெருந்தெருக்களில் கார்களுக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டி வீடுகள் இழுபட்டுப் போவதைக் காணலாம். இவற்றைக் கரவன் என்கிறார்கள். உள்ளே படுக்கைகள், காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய குளியலறை, அதற்குள்ளேயே மலசலகூடம். நாடோடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வண்டிகளில் வாழ்ந்து வந்தார்கள். வசதியுள்ளவர்கள் அதை உல்லாசப் பயணமாக்கிக் கொண்டது, 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை வைத்தியர் குதிரைகள் இழுக்கும் கரவன் ஒன்றைச் செய்வித்து ஊர் சுற்றியதிலிருந்துதான் என்று சொல்வார்கள்.

வீட்டை விட்டு ஓடி ஓடி, தறப்பாளுக்குள் படுத்தெழும்பிய எங்களுக்கு, நல்ல வீட்டைப் பூட்டிவிட்டுக் காசு கொடுத்துப் பெட்டிக்குள் போய்ப் படுப்பது விளங்காத காரியம். எனக்கும் முதலில் விளங்கவில்லை. 2023 ஆகஸ்ட் மாதம் லீட்ஸ் நகரில் இருக்கும் பெரியம்மாவின் மகளிடம் போயிருந்தபோது, அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகளோடு நானும் ஐந்தாவது ஆளாக அந்தப் பெட்டிக்குள் ஏறினேன். ஸ்கிப்டன், கார்கிரேவ் என்ற ஊர்களைத் தாண்டி, யோர்க்சயர் டேல்ஸ் மலைப்பகுதியில் உள்ள மாலம் கிராமத்துக்குப் போனோம். சுண்ணாம்புக் கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கிய மதில்கள், அவற்றுக்கிடையே செம்மறிகள், எங்கும் பச்சை. தங்குமிடம் ஒரு பண்ணைக்குச் சொந்தமான புல்வெளி. ஏறத்தாழ இருபது கரவன்கள் நின்றன.

வேலை அங்கேதான் ஆரம்பித்தது. குடிநீர் 40 லீற்றர் கொள்ளும் உருளைப் பீப்பாவில் வருகிறது. அதைக் குழாயடியில் நிரப்பி, கைப்பிடி மாட்டி, புல்லில் உருட்டிக்கொண்டு வர வேண்டும். தலையிலோ இடுப்பிலோ சுமப்பதில்லை. பீப்பாவுக்குள் ஒரு சிறிய பம்பை இறக்கினால் உள்ளே குழாயில் தண்ணீர் வரும். கழுவிய தண்ணீர் கரவனின் அடியிலுள்ள குழாய் வழியாக, சில்லுப் பூட்டிய இன்னொரு தாங்கிக்குள் விழும். அதன் கொள்ளளவு 38 லீற்றர். உள்ளே போன தண்ணீர் ஏறக்குறைய அவ்வளவும் வெளியே வந்து கண்முன்னே நிற்கிறது. வீட்டில் தொட்டித் துவாரத்தோடு மறைந்துபோகும் தண்ணீரை இங்கே மறுபடி சந்திக்க வேண்டியிருக்கிறது. ஐந்து பேருக்கு ஒரு பீப்பா ஒரு நாளைக்குத்தான் வந்தது.

அதனால் சமையலும் மாறுகிறது. முதல்நாள் இரவு கோழிக்கறி சமைத்த சட்டியை எடுத்ததும் அக்கா சொன்னார்: "பிள்ளை, முதல்ல கடதாசியால நல்லாத் துடைச்சுப்போட்டுத்தான் கழுவவேணும். எண்ணெய் ஒரு சொட்டும் உள்ளுக்கை போகக்கூடாது. போனா ரெண்டு நாளில மணத்துக் கிடக்கும்." சோற்றுப்பருக்கை, தேயிலைச் சக்கை எல்லாம் குப்பைக்கு. மிஞ்சிய எண்ணெய் பழைய போத்தலுக்குள். தாங்கி நிரம்பியதும் அதை உருட்டிப்போய், கழிவுநீர் ஊற்றுவதற்கென்று விட்டிருக்கும் வடிகாலில் ஊற்ற வேண்டும். மதிலோரம், செடியடி, வீதியோரத்து மழைநீர்க் கான் எதிலும் ஊற்றக்கூடாது. மழைநீர்க் கான் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே ஆற்றுக்குப் போகிறது என்பது அந்நாட்டவர் பலருக்கே தெரியாது என்றார் அத்தான்.

மலசலகூடத்தின் கீழே 20 லீற்றருக்குச் சற்றுக் குறைவான ஒரு பெட்டி இருக்கிறது. வெளிப்புறத்துச் சிறு கதவைத் திறந்து அதை இழுத்தெடுக்கலாம். அதற்கென்று தனியான ஊற்றுமிடம் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு, மூக்குப்போன்ற வாயைத் திருப்பி, காற்றுப் போகும் பொத்தானை அழுத்தியபடி ஊற்றினால் தெறிக்காது. பிறகு அங்குள்ள குழாயில் அலசுவார்கள். அந்தக் குழாயில் 'இது குடிநீர் அல்ல' என்று எழுதியிருக்கும். குடிநீர்க் குழாயடிக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுபோவதை அங்கே யாரும் பொறுக்கமாட்டார்கள்.

காலையில் அந்த இடத்துக்கு ஒரு வரிசை போகும். வங்கி முகாமையாளராக இருக்கலாம், பேராசிரியராக இருக்கலாம். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் குடும்பத்துப் பெட்டி. ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லி, மழை வருமா என்று கதைத்துக்கொண்டு நிற்பார்கள். சமூகவியல் படித்தவள் என்பதால் இதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாண நகரில் வாளிக் கக்கூசு இருந்த காலத்தில் அந்த வாளியைத் தூக்க வேறொரு மனிதரை வைத்திருந்தோம். தூக்கிய குற்றத்துக்காக அவரையே விலக்கியும் வைத்தோம். இன்னொன்றையும் கவனித்தேன். வரிசையில் நின்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். எங்கள் முகாம்களில் தண்ணீர் வரிசையிலும் சரி, கழிவு வாளியோடும் சரி, நின்றது யாரென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பண்ணைக்காரப் பெண்மணிக்கு எழுபது வயதிருக்கும். வாசலில் அவர் கேட்ட முதல் கேள்வி, மலசலகூடப் பெட்டிக்குள் என்ன திரவம் விடுகிறீர்கள் என்பதுதான். நீல நிறத் திரவங்கள் சிலவற்றில் போர்மல்டிகைட் இருக்கிறது. அது நாற்றத்தை அடக்கும். கூடவே கிருமிகளையும் கொல்லும். அந்தப் பண்ணைக்கு நகரத்துக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. எல்லாம் நிலத்தடி மலக்குழித் தாங்கிக்குத்தான் போகிறது. அங்கே கழிவை உக்க வைப்பதே நல்ல பக்றீரியாக்கள். அவை செத்தால் தாங்கி வேலை செய்யாது. அரைகுறையாக உக்கிய கழிவு மண்ணுக்குள் இறங்கும். ஆகவே பச்சை நிறத் திரவம் மட்டும்தான் அங்கே அனுமதி. எங்கள் வீடுகளில் கக்கூசு மணக்கிறது என்று பினைலும் பிளீச்சிங் பவுடரும் தாராளமாக ஊற்றுகிறோம் அல்லவா? குழி சீக்கிரம் நிரம்பி, கலி பவுசருக்குக் காசு கட்ட வேண்டி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் நாள் மாலை, பக்கத்துக் கரவனில் இருந்த ஓர் இளைஞர் பாத்திரம் கழுவிய தொட்டியைக் கொண்டுவந்து மதிலடியில் கவிழ்த்தார். அந்தப் பெண்மணி வந்தார். சத்தம் போடவில்லை. நாளைக்கு நீங்கள் நடக்கப் போகும் பாதையில் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள் என்றார்.

நாங்களும் அடுத்த நாள் நடந்தோம். மேலே மாலம் டார்ன் என்ற ஏரி இருக்கிறது. அதிலிருந்து வெளிவரும் ஓடை சிறிது தூரம் ஓடி, கற்களுக்கிடையே அப்படியே நிலத்துக்குள் மறைந்துவிடுகிறது. கீழே மாலம் கோவ் என்ற சுண்ணாம்புப் பாறைச் சுவர், 80 மீற்றர் அளவு உயரம். அதன் அடியில் ஒரு நீரூற்று வருகிறது. மேலே மறைந்த ஓடைதான் இது என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் தண்ணீரில் சாயமும் உப்பும் கலந்து பரிசோதித்தபோது, ஏரியின் தண்ணீர் கிராமத்தையும் தாண்டி எயர் ஹெட் என்ற இடத்தில் வெளிவருவது தெரிந்தது. பாறையடியில் வருவது வேறொரு பக்கத்திலிருந்து வரும் தண்ணீர். நிலத்துக்குள் இரண்டும் ஒன்றையொன்று கடந்து போகின்றன. 2015 டிசெம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது நிலத்தடி வழிகளால் தாங்க முடியாமல், வாழும் மனிதர் யாரும் கண்டிராத விதமாக அந்தப் பாறையின் உச்சியிலிருந்தே நீர்வீழ்ச்சி விழுந்தது. எயர் ஹெட்டில் வெளிவரும் தண்ணீர் எயர் நதியாகி, அக்காவின் லீட்ஸ் நகரத்துக்குள்ளால் ஓடுகிறது.

சுண்ணாம்புக்கல் அப்படிப்பட்டது. மணல் நிலம் தண்ணீரை மெதுவாக வடிகட்டும். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும். ஊற்றியது வடிபடாமல் ஓடிப்போய் எங்கேயோ தலைகாட்டும்.

யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல்தான். வருடம் முழுவதும் ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. மழைநீர் கல்லுக்குள் இறங்கித்தான் கிணறுகளில் நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணறும், கடலோரத்திலேயே நன்னீர் வரும் கீரிமலைக் கேணியும் இந்தக் கல்லின் வேலையே. பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. தோட்டத்து உரம் ஒரு காரணம், மலசலகூடக் குழி இன்னொன்று. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்வது குறைந்து உடம்பு நீலம்பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது.

முகாம்களில் தொண்டர் நிறுவனங்கள் பின்பற்றிய ஸ்பியர் நியமங்கள், குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் வேண்டும், வெடிப்புள்ள பாறையானால் இன்னும் கூட வேண்டும் என்கின்றன. மீள்குடியேறிய ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது இரண்டு பரப்புக் காணி என்றால், மூலைக்கு மூலை அளந்தாலும் அந்த 30 மீற்றர் தட்டுத்தடுமாறித்தான் வரும். அடுத்த காணிக்காரி தன் குழியை எங்கே வெட்டினார் என்பதையும் பார்க்க வேண்டும். அவருடைய குழி உங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கலாம். வீட்டுத்திட்டத்துக்கு அளவெடுக்க வருபவர்களிடம் இதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. கேட்டுத்தான் ஆக வேண்டும். வெறும் குழிக்குப் பதிலாக அடியும் பக்கமும் சீமெந்தால் கட்டிய தாங்கி கேட்கலாம். அயலவர் நால்வர் சேர்ந்து கிராம சேவையாளரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் போனால் தனியாகப் போவதைவிடக் காரியம் நடக்கும். எங்கள் ஆச்சிமார் கிணற்றடித் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டது கெட்டித்தனம்தான். ஆனால் அந்தக் காலத்துத் தண்ணீரில் சவர்க்காரத் தூளும் பிளீச்சும் இவ்வளவு இருக்கவில்லை. இன்றும் வாழைக்கு விடலாம். கிணற்றுக் கட்டோடு ஒட்டிய வாழைக்கல்ல, தள்ளி நிற்கும் வாழைக்கு. உடுப்புத் தோய்க்கும் கல்லையும் கிணற்றடியிலிருந்து நகர்த்த வேண்டும்.

வெள்ளைக்காரர் எல்லோரும் ஒழுங்கானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கரவன்காரர் ஒரு தொட்டித் தண்ணீரை உருட்டிக்கொண்டு திரிய, மழைநாட்களில் நிரம்பி வழியும் கழிவுநீர் 2023ஆம் ஆண்டில் மட்டும் இங்கிலாந்து ஆறுகளிலும் கடலிலும் 464,056 தடவை திறந்துவிடப்பட்டதாக அரசாங்கத்தின் சுற்றாடல் முகவரகமே கணக்குக் காட்டியது.

நாலாம் நாள் காலை பீப்பா, தாங்கி, பெட்டி மூன்றையும் வெறுமையாக்கி அலசிக் கட்டினோம். திரும்பும் வழியில் இல்க்லி என்ற ஊரில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். அங்கே வார்ஃப் என்ற ஆறு ஓடுகிறது. அதில் கழிவுநீர் விடப்படுவதை எதிர்த்து ஊர்ச்சனம் வருடக்கணக்கில் மாதிரி எடுத்து, கடிதம் எழுதி, கூட்டம் போட்டுப் போராடியதால், 2020 டிசெம்பரில் இங்கிலாந்திலேயே முதன்முதலாகக் குளிக்கும் இடமாக அங்கீகரிக்கப்பட்ட ஆறு அது. அங்கீகாரம் கிடைத்ததால்தான் ஒழுங்காகத் தண்ணீர் பரிசோதிக்கிறார்கள். பரிசோதித்ததால்தான் தரம் மோசம் என்று தெரிந்தது. கரையில் அதை எழுதிப் பலகை நட்டிருந்தார்கள். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு ஓடினார்கள். அக்கா பலகையை வாசித்துவிட்டு இருவரையும் திருப்பிக் கூப்பிட்டார்.