காலுக்கு வாசிப்பவர்கள்

இந்த முறை பட்டமளிப்பு விழா ஊர்வலத்துக்கு பேண்ட் வேண்டாம், ஸ்பீக்கரில் பாட்டு போட்டுக்கொள்கிறோம் என்று ஒரு கல்லூரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ராணுவத்தில் யூஃபோனியம் ஊதி ஓய்வுபெற்று, பிறகு என்.சி.சி. பிள்ளைகளுக்கு பேண்ட் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டியவன் நான். வரும்படி போயிற்றே என்று இதை எழுதவில்லை. நாங்கள் செய்வதும் பாட்டு போடுவதும் ஒன்றுதான் என்று படித்தவர்களே நினைத்துவிட்டார்களே என்ற ஆற்றாமையில் எழுதுகிறேன்.

பேண்ட் வாசிப்பது காலுக்கு. நிமிடத்துக்கு 120 காலடி, காலடிக்கு 30 அங்குலம். அரை விநாடிக்கு ஓர் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலியோ விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பேஸ் டிரம்முக்கு 85 மீட்டர் பின்னால் வருகிறவனுக்கு அடி கால் விநாடி பிந்திக் கேட்கிறது. 170 மீட்டரில் இடது வலதாகவே மாறிவிடும். நீண்ட அணியில் பேண்டை எங்கே நிறுத்துவது என்பது அதனால்தான் பெரிய கணக்கு. மைதானத்தின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் கட்டினால், நடுவைவிட்டு விலகி வருகிறவனுக்கு ஒரே அடி இரண்டாகக் கேட்கும். எந்த அடிக்குக் கால் வைப்பான்?

பட்டமளிப்பு ஊர்வலம் அதைவிடக் கடினம். வருகிறவர்கள் கேடட்டுகள் இல்லை. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியில் தயங்கி ஏறும் வயதான பேராசிரியர்கள். டிரம் மேஜர் அவர்கள் காலைப் பார்த்து, கையிலிருக்கும் மேஸ் கோலால் வேகத்தை இழுத்துப் பிடிப்பார். கடைசி ஆள் மேடை ஏறும்வரை அதே பகுதியைத் திரும்ப எடுப்போம். மேஸ் உயர்ந்ததும் பேஸ் டிரம்மில் அடுத்தடுத்து இரண்டு தட்டு, டபுள் டாப்; அந்த வரி முடியும் இடத்தில் மொத்த பேண்டும் நிற்கும். பதிவு செய்த பாட்டு யாருடைய காலையும் பார்ப்பதில்லை.

இதை எனக்குள் ஏற்றியவர் பச்மரி ராணுவ இசைப் பள்ளியில் என் உஸ்தாத். 1950இல் தொடங்கிய பள்ளி அது. தெற்கே இருந்து வந்த எங்களுக்கு அந்தக் குளிரில் உதடே மரத்துப்போகும். முதல் வாரங்களில் பாட்டே கிடையாது. ஒரே ஒரு பி ஃபிளாட், மூச்சு முடியும்வரை, சரளைக்கல் பாதையில் நடந்துகொண்டே. நின்றபடி ஊதினால் யாருக்கும் நேராகத்தான் வரும். நடக்கும்போது ஒவ்வொரு குதிகால் ஊன்றலும் முதுகெலும்பு வழியாக ஏறி மவுத்பீஸைப் பல்லில் இடிக்கும், சுரம் விக்கும். பரேடில் குதிகாலைக் குத்திப் பழகிய காலை, குதிகாலில் தொடங்கி விரல்வரை உருட்டி வைக்கப் பழக்குவது லேசுப்பட்ட வேலையா? நிறைகுடத்தோடு வரும் பெண்ணைப் பாருங்கள், அசைவெல்லாம் இடுப்புக்குக் கீழேதான். உஸ்தாத் பின்னாலேயே வருவார். சுரம் நடுங்கினால் கெண்டைக்காலில் பிரம்பு தட்டும். உதட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரியும். அப்புறம் வீல், அதாவது அணியாகவே வளைந்து திரும்புவது. உள்வரிசை அடியைச் சுருக்க வேண்டும், வெளிவரிசை நீட்ட வேண்டும், சத்தமோ தாளமோ மயிரிழைகூட மாறக்கூடாது. திருப்தி என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த பாடத்துக்குப் போனால் சரி என்று அர்த்தம்.

பேண்டே வெள்ளைக்காரன் மிச்சம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சென்னைக் கோட்டை பேண்டின் மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சம்ஸ்கிருத சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பாடுகிறார்கள். அவர் காதுக்கு ஆகிவந்தது நமக்கு ஆகாதா? கல்லூரி பேண்டை நடத்தும் என்.சி.சி.யும் நம்முடையதுதான்; வெள்ளைக்காரன் காலத்துப் பல்கலைக்கழகப் பயிற்சிப் படை போய், 1948இல் வந்தது. சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரிகளில் கட்டாயமானது, 1968இல் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்று தளர்ந்தது. அப்போதிருந்து ஆசைப்பட்டு வருகிறவர்களை வைத்துத்தான் பேண்ட் நடக்கிறது.

இப்போது வரும் பிள்ளைகளுக்கும் ஆசை இருக்கிறது, பொறுமைதான் இல்லை. செல்போனில் வீடியோ பார்த்து விரல் போட்டு, ‘கதம் கதம் படாயே ஜா’வை இரண்டே நாளில் ஊதிவிடுகிறார்கள். ஊதுகிறார்கள், எல்லோரும் ஒரே மெட்டை! செகண்ட் கார்னெட் இல்லை, ஹார்ன் இல்லை, யூஃபோனியத்தின் எதிர்மெட்டு இல்லை. வீடியோவில் அதெல்லாம் தனியாகக் காதில் விழாது. ஸ்டாஃப் நோட்டேஷன் படித்தவனுக்குத்தான் தன் பங்கு எதுவென்று தெரியும். ‘நோட்ஸ் எதுக்கு மாஸ்டர், பாட்டு வந்துடுச்சே’ என்கிறான் ஒருவன். பாட்டு வந்தது, பேண்ட் வரவில்லை தம்பி.

பேண்ட் வேண்டாம் என்ற அந்தக் கல்லூரியின் ஸ்டோர் அறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மீரட் ஜாலி கோட்டியில் செய்த யூஃபோனியம் ஒன்று, வால்வு மூன்றும் இறுகி, பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. கழற்றி ஊறவைத்தால் பிழைத்துக்கொள்ளும். அடுத்த பட்டமளிப்புவரை மாலை நேரங்களில் மைதானத்தையும் பிள்ளைகளையும் விடுங்கள், சம்பளம் வேண்டாம் என்று முதல்வருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. செகண்ட் கார்னெட் ஊத மனசுள்ள இரண்டு பேர் கிடைத்தால் போதும், மீதியை நான் தேற்றிவிடுவேன்.