வட்டபுளுவையில் ஒரு பழைய வீடு

கண்டியில் வீட்டுக்கு விலை கேட்போர் வீட்டைப் பார்ப்பதில்லை. பாதை எவ்வளவு அகலம், லொறி உள்ளே வருமா, காணி எத்தனை பேர்ச் என்றே கேட்பர். அக்காணியின்மேல் சுவரும் கூரையுமாக ஏதோ ஒன்று நிற்கின்றது என்பது கடைசியிலேதான் நினைவுக்கு வரும்; அதுவும் இடிப்பதற்கு என்ன செலவாகும் என்ற கணக்காகவே வரும். நாமும் ஆறு மாத காலமாக இதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டு இந்நகரைச் சுற்றிவந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகின்றோம்.

நாம் என்று இங்கே கூறுவது ஆசிரியத் தொழில் புரியும் கணவனும் மனைவியுமாகிய எங்கள் இருவரையும் ஆகும். இருபத்தேழு ஆண்டுகளில் எட்டு வாடகை வீடுகளில் குடியிருந்திருக்கின்றோம். சுவரிலே ஓர் ஆணி அடிப்பதற்கும் எட்டு வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டிருக்கின்றோம். இனி வங்கி கடன் தரக்கூடிய வயதும் முடிகின்ற தறுவாயில், வட்டபுளுவையில் ஒரு வீடு விலைக்கு வருவதாக நண்பர் ஒருவர் சொன்னார்.

வட்டபுளுவை கண்டி நகருக்கு வடகிழக்கே, மகாவலி கங்கை வளைந்து செல்லும் பக்கத்துச் சரிவிலே உள்ளது. கங்கையின் மறுபுறம் பொல்கொல்லை. 1976 இல் இயங்கத் தொடங்கிய அணையிலிருந்து நீரின் ஒரு பகுதி சுரங்க வழியே வடக்கு நோக்கித் திருப்பப்படும் இடம். நாம் பார்க்கச் சென்ற வீடு பதினான்கு பேர்ச் காணியில் இரு படிநிலைகளாக அமைந்திருந்தது. முன்னே தாழ்வாரம், நடுவே வானம் தெரியும் சிறு முற்றம், மூன்று அறைகள், சிவப்புச் சீமெந்துத் தரை, பலாமரக் கதவுகள், அரைவட்ட ஓடுகள். பின்புறச் சமையற்கட்டுக்கு மட்டும் பிற்காலத்தில் அஸ்பெஸ்டஸ் தகடு போட்டிருந்தனர். ஆடம்பரம் எதுவும் இல்லை. எனினும் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த முற்றத்தோரம் அமர்ந்தபோது, மின்விசிறியின்றியே காற்று வந்தது.

எமக்கு வீட்டைப் பார்க்கத் தெரியாது. பார்க்கத் தெரிந்தவர் எமது சித்தப்பா. நாற்பது ஆண்டுகள் மேசன் வேலை செய்தவர். அவர் முன்வாசலால் வீட்டினுள் நுழையவே இல்லை. நேரே பின்புறம் போனார். மலைநாட்டில் வீட்டை விழுத்துவது கூரையன்று, முதுகுப்புறத்து மண் என்பது அவருடைய கொள்கை. அணைச்சுவரின் அடியிலே நீர் வெளியேற விட்டிருந்த துளைகளுள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். ஐந்தில் நான்கு அடைபட்டிருந்தன. சுவர் நடுவிலே சற்று வயிறு தள்ளியிருந்தது. மேலே நின்ற பலாமரத்தை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். மண் மெல்ல நகரும் சரிவிலே மரம் அடியில் வளைந்து, பின்னர் மேல்நோக்கி நிமிருமாம். இம்மரம் நேராகவே நின்றது. பின்னரே உள்ளே வந்து சுவர்களை விரல் மடக்கித் தட்டினார். தரையில் ஒரு கண்ணாடிக் குண்டை உருட்டிவிட்டார். சாளரத்தின் ஒரு மூலையிலிருந்து கோணலாக மேலேறிய வெடிப்பைக் கண்டதும் முகம் மாறியது.

"செவுரு நல்ல செவுருதான் தம்பி. ஆனா இந்த வெடிப்பு செத்த வெடிப்பா, உசுரோட இருக்கிற வெடிப்பான்னு பாக்கணும்" என்றார்.

அதற்கு அவர் கையாண்ட முறை எமக்குப் புதியது. வெடிப்பின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சீமெந்து வைத்து ஒட்டினார். சுவர் இன்னும் அசைகின்றதாயின் கண்ணாடி உடையும். இன்றேல் அப்படியே இருக்கும். ஒரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காத்திருக்க வேண்டிய காரணம் நேயர்களுக்கு விளங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையில் நாடெங்கும் 600 பேருக்கு மேல் மாண்டனர். மண்சரிவினால் பேரிழப்புக்குள்ளான மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. 1984 இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை ஆண்டுக்கணக்காக வரைந்து வருகின்றது; மலைச்சரிவில் புதிதாகக் கட்டுவோர் அதன் இசைவைப் பெறவும் வேண்டும். ஆனால் அவ்வரைபடங்களை விரித்துப் பார்த்து வீடு வாங்கியோர் எம் நண்பர்களுள் எவருமில்லை. நாமும் டித்வாவுக்குப் பின்னரே அவற்றைத் தேடினோம்.

வங்கியின் சார்பில் வந்த மதிப்பீட்டாளர் இருபது நிமிடம் நின்றார். அவர் தந்த தாளின்படி மொத்தப் பெறுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காணிக்குரியது. கட்டடத்துக்குச் சதுர அடிக் கணக்கில் ஒரு தொகை எழுதி, அதிலிருந்து வயதுக்கான தேய்மானத்தைக் கழித்து, எஞ்சியதை ஏறக்குறைய இல்லையென்றே ஆக்கியிருந்தார். அவரைக் குறைகூறுவதற்கில்லை. அவருடைய தொழிலின் கணக்கு அத்தகையது: கட்டியெழுப்பிய உழைப்பு ஆண்டுதோறும் தேயும், எவரும் உழைத்து உண்டாக்காத நிலம் ஆண்டுதோறும் வளரும். எமது மேல்வகுப்பு மாணவருக்கு நிலவாடகையைப் பற்றி நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டியதனைத்தும் அந்த ஒரே தாளில் இருந்தது.

அத்தாளிலே இல்லாத செய்தி ஒன்று உண்டு. வட்டபுளுவைக் குடியிருப்பு தானாக முளைத்த புறநகரன்று. 1958 அளவில், அரசாங்க ஊழியருக்கென ஏறத்தாழ 250 வீடுகளாக அதனை அமைத்தவர் மினெட் டி சில்வா. 1918 இல் கண்டியிலே பிறந்தவர். தந்தை அரசியல்வாதி ஜோர்ஜ் ஈ. டி சில்வா, தாய் அக்னஸ், இந்நாட்டுப் பெண்கள் 1931 இல் வாக்குரிமை பெறுமுன் அதற்காகப் போராடியவர்களுள் ஒருவர். மினெட் 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரானார்; ஆசியப் பெண்களுள் அவரே முதல்வர். லெ கொர்பூசியேயின் நட்பைப் பெற்ற இவர், வெளிநாட்டிலிருந்து வரைபடத்தைச் சுருட்டி எடுத்துவந்து இங்கே விரிக்கவில்லை. வட்டபுளுவையில் குடியேற இருந்தோரிடம் வினாக்கொத்தைக் கொடுத்தார். கூட்டி வைத்துப் பேசினார். உங்கள் வருமானம் என்ன, வீட்டிலே எத்தனை பேர், எப்படி வாழ்கின்றீர்கள் என்று கேட்டார். விடைகளுக்கேற்பப் பல மாதிரி வீடுகளை வகுத்தார். சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் சரிவோடு வீடுகளை இசைவித்தார். அங்கே குடியேறியோர் பல இனத்தவர், பல மதத்தவர்.

1958 என்ற ஆண்டையும் இங்கே மறக்கலாகாது. தனிச்சிங்களச் சட்டம் வந்து இரண்டாண்டு. அவ்வாண்டு மே மாதத்தில்தான் நாடு இனக்கலவரத்தால் எரிந்தது. பின்னர் 1983 ஆடியில் கண்டி நகரிலே தமிழர் கடைகள் எரிந்தன. 2018 மார்ச்சில் திகனைப் பக்கத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எம்மைப் போன்றோர் கண்டியில் வீடு பார்க்கும்போது அணைச்சுவரை மட்டும் பார்ப்பதில்லை. அயலவர் பெயர்ப்பலகைகளையும் வாசித்துக்கொண்டே நடக்கின்றோம். இதற்கும் மதிப்பீட்டுத் தாளில் நிரல் இல்லை.

வீட்டின் உரிமையாளர் எண்பதை அணுகும் சிங்களப் பெண்மணி. எழுதுவினைஞராயிருந்த தந்தையுடன் சிறுமியாக அவ்வீட்டில் குடிபுகுந்தவர். மக்கள் வெளிநாட்டில். அவர் தேநீர் ஊற்றியபடியே, முற்றம் வேண்டுமென்று கேட்டது தம் தாயார் என்றும், தாழ்வாரத்தின் அகலம் தந்தையின் சாய்மனைக் கதிரைக்காக என்றும் சொன்னார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், எதை யார் கேட்டார் என்பது அவருக்கு நினைவிருக்கின்றது.

அவர் பேசிக்கொண்டிருக்கையில் சித்தப்பாவைக் காணவில்லை. தேடிச் சென்றோம். சமையற்கட்டுக்கு அப்பால், அஸ்பெஸ்டஸ் தகட்டின் கீழ் இருந்த ஓர் அறையினுள் நின்றார். பாதத்தைப் பாதத்தோடு வைத்து நீளத்தை அளந்துகொண்டிருந்தார். சாளரம் இல்லை, கதவுக்கு மேலே ஓர் ஓட்டை மட்டும்.

"பத்துக்குப் பன்னெண்டு கூட இல்ல தம்பி. நம்ம காம்பராவ விடச் சின்னது" என்றார்.

சித்தப்பா ஹந்தானை மலைப்பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவர். கோப்பிக் காலத்திலிருந்து தேயிலைக் காலம் வரை, அத்தகைய பத்தடி பன்னிரண்டடிக் காம்பராவிலேயே தலைமுறைகள் பிறந்து மாண்டன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் பின் எமது பாட்டனாரும் பாட்டியாரும் எந்நாட்டவரும் அல்லர். ஆகவே வட்டபுளுவையில் வினாக்கொத்து கொடுக்கப்பட்ட காலத்தில், அதே கண்டியின் மறுமலையில் இருந்தவர்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. எமது மூத்த அத்தை ஒன்பது வயதில் கண்டி நகரத்து வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். எந்த வீடு என்பது சித்தப்பாவுக்குத் தெரியாது. பின்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு, கதவுக்கு மேல் வெளிச்சம் வரும் என்று அத்தை சொல்லியிருந்தாராம்; அதுமட்டுமே அவருக்குத் தெரியும்.

உரிமையாளரிடம் அவ்வறையைப் பற்றிக் கேட்டோம். "அது முதலில் இருக்கவில்லை. வேலைக்காரப் பிள்ளைக்காக அப்பா பின்னர் கட்டினார்" என்றார். பிள்ளை எந்த ஊர் என்றோம். "தோட்டத்திலிருந்து வந்தவள்" என்றார், பெயரையும் சொன்னார், அது எமது அத்தையின் பெயரன்று. சித்தப்பா நீண்ட மூச்சு விட்டார். அது நிம்மதியா, ஏமாற்றமா என்று எம்மால் சொல்ல இயலவில்லை.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அவ்வீட்டிலே எமக்குப் பிடித்திருந்தது அது கேட்டுக் கட்டப்பட்டது என்பதே. இன்றுங்கூட, தோட்டத் தொழிலாளருக்கு 550 சதுர அடி வீடு என்று ஒரே வரைபடம் மலை முழுவதற்கும் போகின்றது. லயத்தை விட அது எத்தனையோ மடங்கு மேல். தனி வீடு, தன் பெயரில் காணி என்பதை இகழ்பவர் லயத்தில் ஓரிரவும் படுத்திராதவர். ஆயினும் சாமி அறை எங்கே வேண்டும், விறகடுப்பு எங்கே வேண்டும் என்று ஒரு தாயிடம் கேட்க எவ்வளவு செலவாகும்? வட்டபுளுவையில் கேட்டார்கள். அங்கும் கேட்கப்பட்டவர் எழுதுவினைஞரும் அவர் மனைவியும். பின்னர் சேர்ந்த அறையில் படுத்த சிறுமியல்லள்.

விலை பேசும் நாள் வந்தது. மதிப்பீட்டுத் தாள் எமது பையில் இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்து, 'அம்மா, உங்கள் வீட்டுக்குப் பெறுமதி இல்லை' என்று சொன்னால் விலை இறங்கும். எந்தக் கணக்கைப் பிழையென்று மாணவருக்குக் கற்பித்தோமோ, அதே கணக்கு இப்போது எமக்கு இலாபம். வேறொருவர் வீட்டை இடித்து, மாடிகளெழுப்பி, பல்கலைக்கழக மாணவருக்கு அறை அறையாக வாடகைக்கு விடும் நோக்கத்தோடு எம்மிலும் கூடுதலாகக் கேட்டிருந்ததும் எமக்குத் தெரியும். பெண்மணி ஒன்றை மாத்திரம் கேட்டார்: "இடிப்பீர்களா?"

இல்லை என்றோம். தாளைப் பையிலேயே விட்டுவிட்டோம். அது பெருந்தன்மையன்று, எடுக்கக் கை வரவில்லை. அவர் சொன்ன விலைக்கும் எமது கடனுக்கும் இடையில் இன்னும் ஒரு பள்ளம் இருக்கின்றது. மனைவியின் நகைகள் அதில் பாதியைத் தூர்க்கும். மினெட் டி சில்வா 1998 இல் காலமான பின் அவருடைய சொந்த இல்லமே கவனிப்பாரின்றிச் சிதைந்தது என்பதை எண்ணும்போது, ஆசிரியர் இருவர் ஓட்டுக்கூரையொன்றைக் காப்பாற்றப் புறப்படுவது பேதைமையோ என்றும் தோன்றுகின்றது.

உறுதிப் பத்திரங்களை நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தேடுகின்றார். பின்னறையை இடித்து முற்றத்தைப் பெருப்பிக்கலாம் என்று மனைவி சொன்னபோது சித்தப்பா மறுத்துவிட்டார். "இடிக்க வேணாம் மருமக. ஜன்னல் ஒண்ணு வைப்போம். அந்தச் செலவு என்னோடது" என்றார். அதற்கு முன் அணைச்சுவரின் நான்கு துளைகளையும் திறக்க வேண்டும். உரிமையாளரின் இசைவோடு வரும் சனிக்கிழமை கம்பியும் சுத்தியலும் எடுத்துப் போகின்றோம். கண்ணாடித் துண்டு சென்ற ஞாயிறு வரை உடையவில்லை, மழைக்காலம் இனிமேல்தான்.