ஒரு சாண் தூரம்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள். படிக்க ஆரம்பித்ததும், "நம்ம சார் எதுக்குத் துப்பாக்கியைப் பத்தி எழுதுறாரு?" என்று கேட்பீர்கள். காரணம் என் பேரன். எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு விடுமுறைக்கு விருதுநகர் வந்திருக்கிறான். செல்போன் விளையாட்டில் வரும் துப்பாக்கிகளின் பெயர்கள் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். போன வாரம் கேட்டான்: "தாத்தா, எல்லாத் துப்பாக்கிலயும் மேகசின் ட்ரிகருக்கு முன்னாடி இருக்கு. இந்த ஏயூஜி, ஃபமாஸ் ரெண்டுலயும் மட்டும் பின்னாடி இருக்கே, ஏன்?"

கேட்டது விளையாட்டைப் பற்றி என்றாலும் கேள்வி நல்ல கேள்வி. பிள்ளைகள் "ஏன்" என்று கேட்டால் மறுநாளாவது பதில் சொல்லிவிட வேண்டும் என்பது நான் வேலை பார்த்த 34 வருடமும் வைத்திருந்த வழக்கம். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த இரண்டு பேர் சீருடை போட்டவர்கள். ஒருவன் காலாட்படையில் 17 வருடம் இருந்து ஓய்வு பெற்று, இப்போது சாத்தூர் பக்கம் விவசாயம் பார்க்கிறான். இன்னொருவன் மத்திய ரிசர்வ் போலீஸ் படையில், காட்டுக்குள் நக்சல் தேடுதலுக்குப் போகும் கோப்ரா பிரிவில் இருந்தவன். "பேரு போட்றாதீங்க சார்" என்று இருவரும் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இருவரிடமும் தனித்தனியாகப் போனில் பேசினேன். மீதியைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் பேரனின் கேள்விக்குப் பதில். மேகசினும், தோட்டா வெடிக்கும் அறையும் விசைக்குப் பின்னால், தோளில் அணைக்கும் கட்டைக்குள்ளேயே இருந்தால் அந்த வடிவத்துக்குப் புல்பப் என்று பெயர். வழக்கமான துப்பாக்கியில் அந்தப் பின்கட்டை தோளில் முட்டுக்கொடுக்க மட்டும்தான். அதற்குள் பெரிதாக ஒன்றும் இருக்காது. அந்த இடத்தைச் சும்மா விடுவானேன் என்று யோசித்ததுதான் புல்பப். 1901-லேயே பிரிட்டனில் தார்னிகிராஃப்ட் கார்பைன் என்று ஒன்று இப்படிச் செய்தார்கள். ராணுவம் எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய அளவில் படைக்கு வந்தது 1970-களின் இறுதியில்தான். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஏயூஜி, பிரான்ஸின் ஃபமாஸ், பிறகு 1985-ல் பிரிட்டனின் எஸ்ஏ80.

இதனால் என்ன லாபம்? நம் ஊர் அளவிலேயே சொல்கிறேன். நம் ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கி சுமார் 96 சென்டிமீட்டர் நீளம். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் இதைச் செய்தார்கள். இஸ்ரேல் செய்த டாவோர் என்ற புல்பப்பை நம் சிறப்புப் படையினர் வைத்திருக்கிறார்கள். அது சுமார் 72 சென்டிமீட்டர். ஆனால் இரண்டிலும் குண்டு ஓடும் குழலின் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான், 46 சென்டிமீட்டர். அதனால் குண்டின் வேகத்தில் பெரிதாக எதையும் இழக்காமல் 24 சென்டிமீட்டர் மிச்சம். கையை விரித்துப் பாருங்கள், ஒரு சாண்.

இந்த ஒரு சாணைப் பற்றித்தான் என் மாணவர்கள் இருவரும் பேசினார்கள். நம் நாட்டில் இந்தத் துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1959-ம் வருட ஆயுதச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. நம் பக்கம் உரிமத்தோடு பார்ப்பதெல்லாம் வங்கிக் காவலாளியின் இரட்டைக் குழல் துப்பாக்கியும், தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும் பழைய துப்பாக்கிகளும்தான். ஆகவே இங்கே "சொந்தக்காரர் அனுபவம்" என்றால் அது சிப்பாயின் அனுபவம். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் துப்பாக்கியோடு அவன் தூங்கி எழுந்திருக்கிறான்.

கோப்ராவில் இருந்தவன் வைத்திருந்தது டாவோர் குடும்பத்திலேயே இன்னும் சின்னதான எக்ஸ்-95. அவன் சொன்னது: "சார், புதருக்குள்ள போறப்ப நீளத் துப்பாக்கின்னா முனை எதிலயாவது மாட்டும். கொடி சுத்திக்கும். இது உடம்போட ஒட்டிக்கிடும். வண்டியில இருந்து குதிக்கிறப்ப, வீட்டுக்குள்ள நுழையுறப்ப கைக்கு அடக்கம். கனம் முழுக்கத் தோள் பக்கம் இருக்கதால ஒத்தக் கையில பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால கதவத் தள்ளலாம், வயர்லெஸ் எடுக்கலாம்."

"குறையே இல்லையாப்பா?" என்றேன்.

"இல்லாம இருக்குமா சார்? மேகசின் மாத்துறதுதான் சிரமம். அக்குளுக்குக் கீழ கைய மடக்கிக் கொண்டுவரணும். ராத்திரி, மழை, கையெல்லாம் சேறு. பழகுறதுக்கு மாசக்கணக்குல ஆச்சு. பழகினப்புறம் கண்ண மூடிக்கிட்டுச் செய்யலாம்."

காலாட்படைக்காரன் இன்சாஸ் கட்சி. "சார், அது கனம்தான், நீளம்தான், ஒத்துக்கிடுறேன். ஆனா மேகசின் கண்ணு முன்னாடி இருக்கும். கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்கதால உள்ள எத்தனை தோட்டா மிச்சம்னு ஒரு பார்வையிலயே தெரிஞ்சுபோகும். படுத்துச் சுடுறப்ப முன்கனம் இருந்தா துப்பாக்கி அடங்கி நிக்கும், துள்ளாது. விசைய இழுத்தா எந்த எடத்துல சுடும்னு விரலுக்குத் தெரியும்." அந்த மேகசின்கள் 1999 கார்கில் குளிரில் விரிசல் விட்டதாகப் பத்திரிகைகளில் வந்ததை நினைவுபடுத்தினேன். "அதுவும் உண்மைதான் சார். கையில இருக்கதோட நல்லதையும் கெட்டதையும் தெரிஞ்சு வச்சுக்கிடணும், அவ்வளவுதான்" என்றான்.

விசையைப் பற்றி அவன் சொன்னதற்குக் காரணம் உண்டு. புல்பப்பில் விரல் இழுப்பது முன்னால், சுத்தியல் விழுவது பின்னால். நடுவில் நீளமாக ஒரு இணைப்புக் கம்பி. முதல் பெஞ்சில் காதோடு சொன்ன வாக்கியம் கடைசி பெஞ்சுக்குப் போவதற்குள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதுபோல விரலின் இழுப்பு அந்தக் கம்பி வழியே போகும்போது கொஞ்சம் கொழகொழவென்று ஆகிவிடும் என்பது உலகம் முழுவதும் புல்பப் மீது சொல்லப்படும் குறை.

இன்னொரு குறை எனக்கு மனதில் தைத்தது. கோப்ராவில் இருந்தவன் இடதுகைக்காரன். நானும் இடதுகைக்காரன்தான். நான் படித்த காலத்தில் சிலேட்டுக் குச்சியை இடது கையில் எடுத்தால் விரல் முட்டியில் பிரம்பு விழும். அப்படித்தான் வலது கைக்கு மாறினேன். அதனாலேயே என் வகுப்பில் எந்தப் பிள்ளையையும் கை மாற்றச் சொன்னதில்லை. இவன் இடது கையிலேயே எழுதி அழகான கையெழுத்தோடு வெளியே போனவன். ஆனால் துப்பாக்கி அவனை விடவில்லை. சுட்டதும் காலித் தோட்டா வலது பக்கமாகத் தெறிக்கும். வழக்கமான துப்பாக்கியில் அது முகத்துக்கு முன்னால் போய்விடும். புல்பப்பில் அந்தத் துவாரம் கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், இடது தோளில் வைத்துச் சுட்டால் சூடான பித்தளை முகத்தில் வந்து விழும். டாவோரில் இடதுகைக்காரருக்கென்று வேறு போல்ட் போட்டுத் துவாரத்தை மறுபக்கம் மாற்ற வழி இருக்கிறது. பெல்ஜியத்தின் எஃப்2000 காலித் தோட்டாவை ஒரு குழாய் வழியாக முன்பக்கமே தள்ளிவிடும். பிரிட்டனின் எஸ்ஏ80-ல் இப்படி எந்த வழியும் இல்லை. இடதுகைக்காரரும் வலது தோளில்தான் சுடப் பழக வேண்டும். "சண்டையில அடுத்தவன் துப்பாக்கிய எடுக்க வேண்டி வந்தா என்ன செய்வேன் சார்? அதனால நானே வலதுக்கு மாறிட்டேன்" என்றான். அவனுக்கு வருத்தம் இல்லை. எனக்குத்தான் கொஞ்ச நேரம் விரல் முட்டி வலித்தது போல இருந்தது.

இப்போது உலகம் எந்தப் பக்கம் போகிறது என்றும் பார்த்தேன். பிரான்ஸ் 2016-ல் ஃபமாஸுக்குப் பதிலாக ஜெர்மனியின் வழக்கமான வடிவத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. 20 வருடத்துக்கு மேல் புல்பப் வைத்திருந்த சீனா 2019 அணிவகுப்பில் பழைய வடிவத்திலேயே புதிய துப்பாக்கியைக் காட்டியது. ஆஸ்திரேலியா புல்பப்பிலேயே நிற்கிறது. நம் நாட்டில் பெரும்பாலான வீரர்கள் கையில் வழக்கமான வடிவம், சிறப்புப் பிரிவுகளில் சிலரிடம் புல்பப். வேலைக்குத் தக்க கருவி என்று இதை விட்டுவிடலாம்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. அந்த ஒரு சாண் எங்கிருந்து மிச்சமானது? தோட்டா வெடிக்கும் அறை பின்னால் நகர்ந்ததால் மிச்சமானது. முன்பு முகத்துக்கு ஒரு சாண் முன்னால் வெடித்தது, இப்போது கன்னத்துக்கு அருகிலேயே வெடிக்கிறது. சத்தம் காதுக்குக் கிட்ட, புகை மூக்குக்குக் கிட்ட. ஏதாவது கோளாறாகி அறை வெடித்தால் அதுவும் முகத்துக்குக் கிட்ட. வடிவமைப்பவர்களுக்கும் இது தெரியும், அதற்கேற்றபடி பலமாகத்தான் கட்டுகிறார்கள். ஆனாலும் கணக்கு கணக்குதான். நீளத்தில் மிச்சம் பிடித்தது மருந்துக்கும் மனிதனுக்கும் நடுவில் இருந்த தூரம்.

சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாமும் "மருந்து" என்றுதான் சொல்கிறோம். நம் பட்டாசு ஆலைகளிலும் "அறை" என்றுதான் சொல்கிறோம். ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இவ்வளவு இடைவெளி, ஒரு அறைக்குள் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதி இருப்பது எதற்காக? ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்கக் கூடாது, ஒருவருக்கு நேர்ந்தது பத்துப் பேருக்கு நேரக் கூடாது என்பதற்காக. தூரம்தான் அங்கே கவசம். தீபாவளி நெருங்கி ஆர்டர் குவியும்போது முதலில் மிச்சம் பிடிப்பதும் அந்தத் தூரத்தைத்தான். அறைக்குள் கூட இரண்டு ஆள், மரத்தடியில் கொஞ்சம் வேலை, உள்குத்தகைக்கு விட்ட செட்டில் இன்னும் கொஞ்சம்.

2012 செப்டம்பர் 5-ம் தேதியை நான் மறக்க மாட்டேன். ஆசிரியர் தினம். காலையில் பிள்ளைகள் பேனாவும் ரோஜாப்பூவும் கொடுத்தார்கள். மதியம் முதலிப்பட்டி வெடிவிபத்துச் செய்தி வந்தது. ஏறத்தாழ 40 உயிர்கள். ஆலையில் வேலை செய்தவர்கள் மட்டுமில்லை, முதல் வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடியவர்களும், என்னவென்று பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் பட்டாசு வேலைக்குப் போகிறவர். அன்று மதியத்துக்கு மேல் அந்தப் பிள்ளைகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பேரனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. புல்பப் என்றால் என்ன, அளவு என்ன, குறை நிறை என்ன என்பதை ஸ்கேல் வைத்து வரைந்து காட்டினேன். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொன்னேன்: "நீ விளையாட்டில் எதை எடுத்தாலும் உன் கன்னம் சுடாது. ஒரு கருவி நல்லதா கெட்டதா என்று சொல்லும் தகுதி, அதன் பக்கத்தில் முகத்தை வைக்கிறவனுக்குத்தான் உண்டு."

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று பட்டாசு ஆலைகளில் தொழிலாளிகள், சிலர் ஃபோர்மேன்கள், இரண்டு மூன்று பேர் சொந்தமாகவே ஆலை நடத்துகிறவர்கள். தொழிலாளிகளுக்கு: மருந்துக்குப் பக்கத்தில் உட்காருவது நீங்கள். அறைக்குள் கூட ஒரு ஆள் வந்தால், "இடம் இல்லை" என்று சொல்லும் உரிமை முதலில் உங்களுடையது. ஃபோர்மேன்களுக்கு: அப்படிச் சொல்கிறவர் மேல் கோபப்படாதீர்கள். முதலாளிகளுக்கு: இந்தச் சீசனில் ஒருநாள் கணக்குப் புத்தகத்தை வைத்துவிட்டு, அறை அறையாக நடந்து போய் ஆட்களை எண்ணிப் பாருங்கள். எண்ணக் கற்றுக்கொடுத்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

படையில் இருக்கும் பிள்ளைகள் பத்திரமாக இருங்கள். விடுப்பில் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், பேசலாம்.

அன்புடன்,
உங்கள் சார்