அக்கா இல்லாத கணக்கு

பிறந்த தேதியைத் தட்டினால், அன்றைக்கு நாட்டில் எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள் என்று மலேசிய அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளம் சொல்லிவிடுகிறது. 1920 முதல் நாள்வாரியாகக் கணக்கு இருக்கிறது. மனு எழுத வேண்டாம், காசு கட்ட வேண்டாம். ஒரு தீபாவளி மாலை பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் அவரவர் தேதியைத் தட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது, "பெரியபாட்டி தேதி சொல்லுங்க தாத்தா" என்றாள் சின்னவள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அக்காவைப் பற்றிப் பேச்சை மாற்றுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த வேலை.

அக்கா 1958ல், தஞ்சோங் ரம்புத்தானை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தாள். தைப்பூசம் கழிந்த வாரம் என்று அம்மா சொல்வாள். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருக்கும் தேதி பின்னாளில் யாரோ உத்தேசமாகப் போட்டது. பிறப்பைப் பதிய அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் அங்கேதான் எழுதுவார்கள். பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் 1948ல் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதில் தொடங்கிய அவசரகாலம் அப்போதும் முடியவில்லை. பால்மரம் வெட்டுகிற மனிதர் தானாகப் போய் ஸ்டேஷன் படியேறுவாரா? அப்பா ஏறவில்லை. அக்கா பிறந்தபோது அம்மா பட்ட பாட்டைப் பார்த்து, 1962 தொடக்கத்தில் என் பிரசவத்துக்கு ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எனக்குப் பிறப்புப் பத்திரம் வந்துவிட்டது.

சட்டப்படி எங்கள் இருவருக்கும் ஒரே உரிமை. 1957 மெர்டேக்கா (சுதந்திர) நாள் முதல் 1962 அக்டோபருக்கு முன்புவரை இங்கே பிறந்தவர்களை, பெற்றோர் குடியுரிமை பெற்றவர்களா என்று பாராமலே குடிமக்கள் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பு. இங்கே பிறந்ததைக் காட்டத்தான் அவளிடம் ஒன்றும் இல்லை. தோட்டத்து ஆபீஸ் பேரேட்டில் கிராணி எழுதி வைத்திருப்பார் என்று அம்மா நம்பினாள். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது பேரேடும் போயிற்று. எனக்குக் குடிமக்களின் நீல ஐசி, அவளுக்கு நிரந்தரவாசிகளின் சிவப்பு ஐசி.

1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று ஆனது. லயத்தில் சில வீடுகள் காலியாயின. பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனவர்கள் திரும்பி வரவில்லை. ஐசி பற்றி வாயைத் திறந்தால் நம்மையும் கப்பலேற்றிவிடுவார்கள் என்ற பயம் அப்போது எனக்குள் புகுந்தது. ஆசிரியராகி, வீடு வாங்கி, பிள்ளை குட்டி பெற்ற பிறகும் அது போகவில்லை. "மறுபடி மனு போடலாமா தம்பி" என்று அக்கா கேட்கும்போதெல்லாம் "பாக்கலாங்கா" என்பேன். அவள் விவகாரத்தைத் தோண்டினால் என் நீல ஐசியையும் எவனாவது புரட்டிப் பார்ப்பானோ என்பதுதான் உள்ளே இருந்தது. இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

2011ல் பிறப்புப் பத்திரமும் ஐசியும் இல்லாத இந்தியர்களைத் தேடி 'மைடஃப்தார்' இயக்கம் வந்தது. எதிர்க்கட்சி மேடைகளில் 3 லட்சம் பேர் என்றார்கள். அரசாங்கத் தரப்பு அவ்வளவெல்லாம் இல்லை என்றது. எடுத்துச் சரிபார்க்கப் பொதுவில் ஒரு பட்டியல் கிடையாது. என்னைப் போல வாயை மூடிக்கொண்ட வீடுகளுக்கும் அந்தக் குழப்பத்தில் பங்கு உண்டு.

பிறகு 2018ல், 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று அரசாங்கம் அறிவித்தது. 3,407 பேர் என்றார்கள். அந்த எண் ஒரே ராத்திரியில் முளைத்திருக்காது. ஏதோ ஒரு கணினியில் முன்பே கிடந்திருக்கிறது. பேப்பரில் அதைப் படித்த அன்றே அக்காவைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் 1911ல் திறந்த மனநோய் ஆஸ்பத்திரியால், தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே நாடு முழுக்க ஒரு நமட்டுச் சிரிப்பு உண்டு. கவுண்டரில் பிறந்த ஊரைச் சொன்னபோதும் அது கிடைத்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். குடியுரிமை கிடைத்து, 2022 பொதுத்தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டாள். யாருக்கு என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

அதுவரை அக்காவின் கதை எங்கள் வீட்டுக் கதை என்றே நினைத்திருந்தேன். இன்னும் ஆயிரக்கணக்கான பேர் அதே வயதில் அதே ஐசியோடு இருப்பது தெரிந்ததும் பயம் விட்டுப்போனது. அந்தக் கணக்கை இருபது வருடம் முன்பே கேட்டு வாங்க வழி இருந்திருந்தால் நானும் அப்போதே கிளம்பியிருப்பேன்.

தமிழ்நாட்டில் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டி, தங்கள் தாலுகாவில் தாமதப் பிறப்புப் பதிவுக்கு எத்தனை மனு வந்தது, எத்தனை தள்ளுபடி ஆனது என்று கேட்கலாம். இலங்கையிலும் 2016ல் அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. 2018ல் நான் விசாரித்தபோது இங்கே கூட்டரசில் இருந்தது 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம். சிலாங்கூரும் பினாங்கும் மாநில அளவில் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியிருந்தன, பேராக் இயற்றவில்லை. இயற்றியிருந்தாலும் இந்த விஷயத்துக்கு உதவாது. பிறப்புப் பதிவு கூட்டரசின் அதிகாரம்.

கணக்கே வெளியிடுவதில்லை என்று சொன்னால் அநியாயம். 2024ல் சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் பிள்ளைகள் பிறந்ததைப் புள்ளிவிவரத் துறை வெளியிட்டிருக்கிறது. மாநிலவாரியாக, இனவாரியாகப் பார்க்கலாம். அதெல்லாம் ஏட்டில் ஏறியவர்களின் எண்ணிக்கை. ஏறக் கேட்டும் ஏறாதவர்களின் எண்ணிக்கைதான் எங்களுக்கு வேண்டியது. ஆட்களின் பெயர் எனக்கு வேண்டாம். அக்காவின் ஏட்டை ஊரார் புரட்டுவதை நானே ஒப்பமாட்டேன்.

இந்த நாட்டில் இப்படிப்பட்ட எண்கள் பெரும்பாலும் நாடாளுமன்றக் கேள்விக்கான பதிலில்தான் வெளியே வருகின்றன. அதனால் கூட்டத்தொடர் நெருங்கும்போது எங்கள் எம்.பி.யின் சேவை மையத்தில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வருகிறேன். எங்கள் கிந்தா மாவட்டத்தில் தாமதப் பிறப்புப் பதிவுக்கு வந்த மனுக்கள் ஆண்டுவாரியாக எத்தனை, தள்ளுபடி ஆனவை எத்தனை, என்ன காரணம், இன்னும் பதில் வராமல் கிடப்பவை எத்தனை என்று அதில் எழுதியிருக்கும். போன தடவை தாளை வாங்கிக்கொண்ட பையன், பழைய தோட்டங்கள் பக்கம் அவனுடைய சித்தப்பா ஒருத்தருக்கும் சிவப்பு ஐசிதான் என்றான்.