மீனே இல்லாத மீன் தொட்டி

கணியம்பாடியில் அந்த வீட்டுக்கு மீன் தொட்டி வந்தது, ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் பிடிவாதத்தால். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா, ஒரு சனிக்கிழமை இரண்டடி நீளத் தொட்டியும் ஆறு கப்பி மீன்களும் வாங்கி வந்தார். அன்றைக்கே போர் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டார்கள். ஆறாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"நம்ம ஊர் தண்ணிதானேப்பா காரணம்?" என்றாள் மகள்.

அவருக்குச் சுருக்கென்றது. தோல் கழிவால் பாலாறு கெட்டு, உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 1996-ல் தீர்ப்பும் வந்த பகுதி இது. வீட்டுக்குச் சோறு போடுவதும் அதே தோல்தான். ஆமாம் என்று சொல்ல மனமில்லை, இல்லை என்று சொல்லத் தைரியமில்லை. சொட்டு விட்டு நிறம் பார்க்கிற பரிசோதனை கிட் ஒன்றை வரவழைத்தார்.

போர் தண்ணீர் கடின நீர்தான். ஆனால் கப்பிக்கு அது பிடிக்கும். அம்மோனியா மட்டும் போர் தண்ணீரில் இல்லை, தொட்டித் தண்ணீரில் ஏகத்துக்கு இருந்தது. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறும். அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் இருக்காது. அவை வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அவசரம்தான் மீன்களைக் கொன்றிருந்தது. (இந்த கிட் குரோமியத்தைக் காட்டாது. இதை வைத்துக் குடிதண்ணீர் நல்லது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.)

"கேன் தண்ணி ஊத்துங்க, பளிச்னு இருக்கும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஆர்.ஓ. தண்ணீரில் மீனுக்கும் செடிக்கும் வேண்டிய தாது உப்புகள் பெரும்பாலும் போய்விடும் என்பதால் அவர் அதைக் கேட்கவில்லை.

இரண்டாவது முறை செடிதான் முதலில். சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்கு மகளையும் கூட்டிப் போய் வாலிஸ்நேரியாவும் ஜாவா ஃபெர்னும் வாங்கினார். அடியில் ஓர் அங்குலம் செம்மண், மேலே அதே அளவு கழுவிய மணல். வாலிஸ்நேரியாவின் வேர் மட்டும் மணலுக்குள் இருக்க வேண்டும், குருத்து வெளியே தெரிய வேண்டும். ஜாவா ஃபெர்னின் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும், அதனால் நூலால் கல்லில் கட்டினார்கள். எல்.இ.டி. விளக்கு தினம் ஏழு மணி நேரம்தான். கூடினால் பாசி பிடித்துவிடும்.

பாக்டீரியாவுக்காகத் தினமும் ஒரு சிட்டிகை தீனி.

"மீனே இல்ல, யாருக்குடா தீனி போடற?" என்று பாட்டி சிரித்தார்.

இரண்டாம் வாரம் வாலிஸ்நேரியா இலைகள் கூழாகக் கரைந்தன. மகள் அழுதேவிட்டாள். இடம் மாறிய செடி பழைய இலையை உதிர்ப்பது சகஜம்தான், ஆனால் அதை அந்த நேரத்தில் அவளிடம் யார் சொல்வது? பத்து நாளில் அடியிலிருந்து புதுக் குருத்து வந்தது.

ஆறாவது வாரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். முதலில் மூன்று கப்பிகளை விட்டார்கள், பத்து நாள் கழித்து இன்னும் மூன்று. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுகிறார்கள். எடுத்த தண்ணீர் மல்லிகைச் செடிக்குப் போகிறது.

போன வாரம் காலையில் பாட்டிதான் முதலில் பார்த்தார். வாலிஸ்நேரியா புதருக்குள் கடுகளவு கண்களோடு குஞ்சுகள். கப்பி தன் குஞ்சையே தின்னும், செடி அடர்த்தியாக இருந்தால்தான் அவை ஒளிந்து பிழைக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டி எண்ணினார். ஒன்பது என்றார். மகள் பதினொன்று என்கிறாள்.