அம்மா கொடுத்த மீனெண்ணெய்

முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கிய மூன்றாவது வாரம், அலுவலகத்தில் ஏதோ பேச்சுக்குச் சிரித்தேன். கீழுதடு வெடித்து ரத்தம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு சிரிப்பதற்கே பயம்.

16 வயதில் வந்த பரு 24 வயதிலும் போகவில்லை. மஞ்சள், கற்றாழை, களிம்பு எல்லாம் பூசிப் பார்த்தாயிற்று. கன்னத்தில் குழி விழத் தொடங்கியதும் கிள்ளானில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் கொடுத்தது ஐசோட்ரெட்டினோயின். அதற்கு முன் ரத்தப் பரிசோதனை, கர்ப்பப் பரிசோதனை இரண்டும் எடுத்தார். மருந்து சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பமாகவே கூடாது, கருவைக் கடுமையாகப் பாதிக்கும் என்று இரண்டு முறை சொன்னார். கல்யாணமாகாத பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது என்று அம்மாவுக்குக் கோபம்.

கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால்தான் மருந்து உடம்பில் நன்றாகச் சேருமாம். தினமும் நாசி லெமாக் பசியாற எனக்கொரு சாக்கு! அடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு ஏறியிருந்ததும் அதுவும் போயிற்று.

உதட்டோடு நிற்கவில்லை. கண் உறுத்தியதால் காண்டாக்ட் லென்ஸை விட்டுப் பழைய மூக்குக்கண்ணாடிக்குத் திரும்பினேன். ஏர்கோன் அறையில் மூக்கில் ரத்தம் கசிந்தது. ரசம்கூட உதட்டில் நெருப்பாய்ப் பட்டது.

“உடம்புல எண்ணெய்ப் பசையே இல்லடி” என்று அம்மா இரவில் இரண்டு மீனெண்ணெய் மாத்திரை கொடுத்தார். நானும் விழுங்கினேன். பிறகு தலைவலி. வேறென்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்டபோது, அம்மாவே பையிலிருந்து டப்பாவைப் பெருமையாக எடுத்துக் காட்டினார். காட் மீனின் ஈரல் எண்ணெய். அதில் வைட்டமின் ஏ நிறைய. என் மருந்தும் வைட்டமின் ஏ குடும்பம்தான். இரண்டும் சேர்ந்தால் பக்கவிளைவு கூடும். டாக்டர் திட்டவில்லை. மீனெண்ணெயை நிறுத்தச் சொல்லி, தலைவலியோடு பார்வையும் மங்கினால் உடனே வரவேண்டும் என்றார்.

காரில் அம்மா பேசவேயில்லை. வீட்டு வாசலில்தான், “நல்லதுன்னுதானே கொடுத்தேன்” என்றார். “தெரியும்மா” என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தலைவலி விட்டது. இது ஐந்தாவது மாதம். பருவும் நன்றாகவே குறைந்திருக்கிறது. அம்மா இப்போது கடையில் எதை எடுத்தாலும் லேபிளைப் படித்து, “இதுல ஏ இருக்கா?” என்கிறார். கேரட் சாப்பிடலாம் என்று டாக்டரே சொல்லியும், எங்கள் வீட்டுச் சாம்பாரில் இன்னும் கேரட் வரவில்லை.